நடைக்காரர் சொன்ன ஒரு சொல்

மார்ச் 3

மச்சினனுக்கு,

நான் நலம். உன் நலம் விசாரிக்க இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் நடைக்காரருக்கு ரசிகர் மன்றம் நினைவு மலர் போடுகிறது, தொகுப்பாசிரியர் நீ என்பதெல்லாம் மன்றச் செயலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. இருக்கட்டும். மெய்ப்பு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும் ஐயா" என்றார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, அச்சகத்தில் தரை பெருக்கிக்கொண்டே எழுத்துக் கூட்டிப் படித்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே பிழை திருத்திய ஒருவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். மன்றத்துக்கு அது நினைவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் காட்டிய மலரின் முதல் பக்கத்தில் நடைக்காரர் படம். அதன் கீழே, அவருடைய முதல் வானொலிப் பேட்டியிலிருந்து ஒரு வரி: 'நடிப்பு, எனக்குத் தெரிந்த ஒரே வலி.'

அவர் 'வலி' என்று சொல்லவில்லை. 'வழி' என்றார். நான் என் காதால் கேட்டேன்.

நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். எனக்கும் உன் அக்காவுக்கும் கல்யாணமான புதிது. நீ லீவுக்கு எங்களோடு வந்து தங்கியிருந்தாய். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மூவரும் ஒரு படத்துக்குப் போனோம். அதில் ஒரு டிரைவர் கார் கதவைத் திறந்துவிட்டு, நமக்கு முதுகைக் காட்டி நடந்து போவான். வசனம் கிடையாது. வழியில் கிடக்கும் கூழாங்கல்லை உதைக்கக் காலை எடுத்து, பிறகு உதைக்காமல் தாண்டிப் போவான். நீயும் நானும் ஒரே நேரத்தில் "யாருடா இது?" என்றோம். பேர் தெரியாததால் நடைக்காரர் என்று நாமே வைத்தோம். பிறகு உலகம் அவருக்கு என்னென்னவோ பட்டம் கொடுத்தது. நமக்கு அவர் நடைக்காரர்தான்.

வானொலியில் புதுமுகங்கள் பேட்டி வருகிறது என்று அச்சகத்துக்கு வந்த நிகழ்ச்சித் தாளில் பார்த்தவன் நான். முதலாளி வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தவனும் நான்தான். ரேடியோ முன்னால் அதை வைத்துவிட்டு நாம் இருவரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் திரை காற்றில் உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. பேட்டி எடுத்த அம்மாள் அவர் நடித்த படத்தின் பேரையே தப்பாகச் சொன்னாள். அவர் திருத்தவில்லை, சிரித்தார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மூக்கால் ஒரு மூச்சு. பின்னாளில் அந்த மூச்சைக் கேட்கத்தான் தியேட்டர் முழுக்க அடங்கி உட்கார்ந்தது. எல்லாருக்கும் முன்னால் அதைக் கேட்டவர்கள் நாம். இன்றைக்கும் மதியத்தில் கண்ணை மூடிப் படுத்தால் அந்த மூச்சு கேட்கிறது. அதற்கடுத்து 'வழி' கேட்கிறது.

மன்றத்தின் வெள்ளி விழாவில் மேடையேறி 'வலி' என்றாய். நான் எழுந்து 'வழி' என்றேன். நீ மைக்கிலேயே, "அத்தான், இது மேடை, அச்சகம் இல்ல" என்றாய். சபையே சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அக்காவும் சிரித்தாள். இரண்டையும் நான் மறக்கவில்லை. அப்புறம் நாம் நேருக்கு நேர் பேசாவிட்டாலும், நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவர அவள் இருந்தாள். அவளும் போய்ச் சேர்ந்தாள். நீ வந்து முற்றத்தில் நின்றுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாய்.

அந்தப் பேட்டி பதிவான கேசட் உன்னிடம்தான் இருக்கிறது. போட்டுக் கேள். கேட்டுவிட்டு முதல் பக்கத்தைத் திருத்து.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

*

மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் பிரித்தேன். உறையில் என் விலாசத்தை நீங்கள் எழுதியிருந்த அழகைப் பார்த்து, பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெரியவர், "கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். இல்லை, சம்மன் என்றேன்.

மலரைப் பற்றி உங்களிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் திட்டுவீர்கள் என்று பயம். சொல்லாவிட்டாலும் திட்டுவீர்கள் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்காமல் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அந்தச் சமையலறையிலிருந்து வேறு யாராவது தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்கள், அதை என் கையால் வாங்க வேண்டும். அது என்னால் ஆகவில்லை அத்தான். உங்கள்மேல் கோபம் இல்லை.

கேசட் என்னிடம் இருப்பது உண்மை. நான் வெளியூர் கிளம்பியபோது, "இது அவர்கிட்ட இருந்தா தினம் பஞ்சாயத்துதான், நீ எடுத்துட்டுப் போ" என்று அக்காதான் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். இத்தனை வருஷமும் நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை. நாடா அறுந்துவிடுமோ என்று பயம். உண்மையைச் சொன்னால், நீங்கள் சொன்னது சரியாகிவிடுமோ என்ற பயமும்தான்.

ஆனால் என் காதிலும் ஒரு சொல் இருக்கிறது. 'வலி' என்றுதான் கேட்டேன். அந்த வயதில் வேறு எதுவும் தெரியாத எனக்கு, ஒரு ஆள் தன் தொழிலை வலி என்று சொன்னதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்கப்புறம் அவர் படம் ஒவ்வொன்றையும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். அது இல்லையென்றால் நான் பார்த்தது வேறு யாரையோ.

இங்கே பல்செட் மாட்டியதும் எல்லாரையும் 'எழுபத்தேழு' சொல்லச் சொல்வேன். சரியாக வந்தால்தான் அனுப்புவேன். அக்கா வந்திருந்தால் தேறியிருக்கவே மாட்டாள். எல்லாப் பல்லும் இருந்த காலத்திலேயே அவளுக்கு அது 'எலுபத்தேலு'தான். நீங்கள் அவளைத் திருத்தாத நாள் உண்டா?

என்னிடம் பல் கட்டிக்கொண்ட ஒருவர் முன்பு ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கேசட்டைச் சுத்தம் செய்து பிரதி எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கண்ணைப் பரிசோதித்தீர்களா?

அன்புடன்,
உங்கள் மச்சினன்

*

மார்ச் 22

மச்சினனுக்கு,

கண் நன்றாக இருக்கிறது. உன் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய் என்பது தெரிகிற அளவுக்கு நன்றாக இருக்கிறது.

உன் அக்கா ழகரம் சொல்லாததை நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். நான் திருத்தினேன், திருத்த வேண்டியது என் பொறுப்பு. 'கிழமை'யைக் 'கிலமை' என்பாள், 'மழை'யை 'மலை' என்பாள். மலை வருது, துணியை எடுங்க என்பாள். நான் எடுக்க மாட்டேன். மலை எப்படி வரும் என்பேன். துணி நனையும். "உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா? புரிஞ்சா போதும், எடுங்க" என்பாள். கடைசிவரை அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. இப்போது யார் பேச்சிலும் பிழை காண எனக்கு வாய்ப்பு வருவதில்லை. வீட்டில் பேச்சே இல்லை என்பதுதான் காரணம்.

சரி. நீ உருகி உருகி எழுதியிருக்கிறாய், பதிலுக்கு நானும் சொல்கிறேன். 'வழி' என்று அவர் சொன்னதைக் கேட்ட மறுநாள்தான் முதலாளியிடம் போய், எனக்குத் தரை பெருக்குகிற வேலை போதும், மேஜையில் உட்கார வையுங்கள் என்று கேட்டேன். படிக்காதவனுக்கு என்ன மேஜை என்று எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தெருவில் ஒரே வழிதான் இருக்கிறது என்றால் அதில்தானே போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதை அவர்தான் சொன்னார், என்னிடம் சொன்னார். அந்த மூச்சு விட்டுச் சொன்னார். இப்போது நீ வந்து அது வழி இல்லை என்றால், அந்த மேஜைக்கு நான் எப்படிப் போனேன்?

ஆகையால் கேட்டுக்கொள். மலரில் 'வலி' என்று வந்தால் மன்றத்துக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை. உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. மலர் வாங்கியவர் வீடு ஒவ்வொன்றுக்கும் பேனாவோடு போய் அடித்துத் திருத்திவிட்டு வருவேன். நான் சொன்னால் செய்வேன் என்பது உனக்குத் தெரியும்.

பிரதியை அனுப்பு.

இப்படிக்கு,
பிழை திருத்துபவன்

*

ஏப்ரல் 5

அன்புள்ள அத்தானுக்கு,

பென் டிரைவில் பேட்டி இருக்கிறது. யாரிடமாவது கொடுத்துப் போடச் சொல்லுங்கள். தனியாகக் கேளுங்கள்.

நான் கேட்டேன். அந்த இடம் வந்ததும் ஒலிப்பதிவுக்காரர் நிறுத்திவிட்டு, "யாருங்க இது?" என்றார். இன்னொரு தடவை போடுங்கள் என்று கையைக் காட்டினேன். அவரும் போட்டார். பல தடவை போட்டார். நல்ல மனுஷர்.

என்ன கேட்டேன் என்று எழுத மாட்டேன். முதல் பக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டுவிட்டு என்ன சொல்கிறீர்களோ, அதை அப்படியே போடுகிறேன். நானும் மன்றமும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

உங்கள் மச்சினன்

*

ஏப்ரல் 16

மச்சினனுக்கு,

எதிர்வீட்டு நர்ஸ் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, எதை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஜன்னலைச் சாத்தவில்லை. திரை பறந்துகொண்டிருந்தது.

முதலில் இரைச்சல். தூரத்தில் மழை பெய்வதுபோல. அதற்குள்ளிருந்து நம் பழைய மின்விசிறி கேட்டது, சுற்றுக்கு ஒரு தரம் டிக் என்று. அப்புறம் உன் இருமல். அப்புறம் அவர். எந்தப் படத்திலும் இல்லாத இளங்குரல். புகழ் என்பது வரப்போகிறது என்று தெரியாத குரல். சொந்தமாக ஒரு நாற்காலி கிடைத்ததற்கே கூச்சப்படுகிறவர்போல அதன் நுனியில் உட்கார்ந்து பேசுகிறார். அது கிரீச்சிடுவதுகூடக் கேட்கிறது. தியேட்டரில் படுத்துத் தூங்கிய நாட்களைப் பற்றி அந்த அம்மாள் கேட்கிறாள். தூக்கத்திலும் யாரோ நடப்பது கேட்குமுங்க, எழுந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டாங்க என்கிறார். இதை நாம் இருவருமே மறந்துவிட்டோம். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவையும் விட்டிருக்கிறோம்.

பிறகு அந்த இடம். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அம்மாள்: நடிப்புன்னா உங்களுக்கு என்னங்க?

அவர்: (மூச்சு) நடிப்புங்களா. எனக்குத் தெரிஞ்ச ஒரே...

உன் அக்கா: வலி விடுங்க ரெண்டு பேரும். கையில டீ, சுடுது.

நீ: ச்சூ, அக்கா.

நான்: வலி இல்ல, வழி. வழின்னு சொல்லு.

உன் அக்கா: புரிஞ்சுதுல்ல? தள்ளுங்க.

அவர்: ...அதுதாங்க.

அம்மாள் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

அவர் சொன்ன சொல் அடியில் எங்கோ இருக்கிறது. ஒலியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். கிடைக்கவில்லை. உன் காதில் நின்றது அவள் சொன்னது. என் காதில் நின்றது நான் சொன்னது. இரண்டையும் நாம் அவர் வாயில் வைத்து, ஆளுக்கு ஒரு ஆயுள் நடந்துவிட்டோம். பேட்டி முடிந்ததுமே டேப் ரெக்கார்டரைத் திருப்பிக் கொடுத்ததால் அன்றே போட்டுக் கேட்கவும் வாய்க்கவில்லை.

இதில் என் தவறு எதுவும் இல்லை. டீயைக் கொண்டுவந்தாலும் ழகரம் ழகரம்தான். அன்றைக்கும் திருத்தினேன், இன்றைக்கும் திருத்துவேன். திருத்த ஆள் இருந்தால்.

சாயங்காலம் நர்ஸ் வந்து, "உங்க நடிகர் பேசினாரா தாத்தா?" என்று கேட்டாள். பேசினார் என்றேன். கம்ப்யூட்டரை இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்கிக்கிறேன் என்று போய்விட்டாள். அவள் போனதும் மறுபடி போட்டேன். உன் அக்கா 'தள்ளுங்க' என்று சொல்லும்போது டம்ளர்கள் தட்டில் மோதுகின்றன. அது அவளுடைய பச்சைத் தட்டு. அவருக்காகக் காத்திருந்த அந்த அறைக்குள் அவர் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அவளும் நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள். கதவைத் திறந்துவிட்டது மட்டும் அவர்.

முதல் பக்கத்துக்கு என் முடிவு இது: 'நடிப்பு, எனக்குத் தெரிந்த ஒரே...' இவ்வளவு போதும். மூன்று புள்ளி. நாலு வேண்டாம். அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் தானாக நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள். யாராவது விடுபட்டிருக்கிறதே என்று கேட்டால், மெய்ப்புப் பார்த்தவர் உத்தரவு என்று சொல்.

பென் டிரைவைத் திருப்பி அனுப்ப மாட்டேன். கேட்காதே.

மற்றப் பக்கங்களின் மெய்ப்பை நீயே எடுத்துக்கொண்டு வா. தபாலில் அனுப்பினால் மூலை மடங்கும். வந்தால் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்தான் கொண்டுவந்து தருவேன். முன்னறையில், அன்றைக்கு நாம் உட்கார்ந்து கேட்ட இரண்டு நாற்காலியும் அதே இடத்தில்தான் கிடக்கின்றன. வந்ததும் உன்னுடையதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள். வலி விட்டு உட்கார்.

இது அச்சுப்பிழை அல்ல.

அத்தான்