நீ எடுக்காத பருப்பு

என் ஜெசி மச்சாளுக்கு,

உன் ஆத்துமாவுக்கான முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மூன்று கிழமையாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. யாழ்ப்பாணத்தில் வழமைபோல வேலைக்குப் போகிறேன், வந்து சமைக்கிறேன், கேட்பவர்களுக்கு "ஓம், சுகமா இருக்கிறன்" என்கிறேன்.

என் நாவலைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. நெடுந்தீவில் எங்கள் பள்ளிக்கூடக் குசினியில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பருப்பு கிழமைக்குக் கிழமை குறைந்ததும், பதினொரு வயதில் நீயும் நானும் கள்ளனைத் தேடித் திரிந்ததும்தான் அந்தக் கதை. பெயர்களை மட்டும் மாற்றியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே மாதா கோயிலில் இருந்தது. நான் பாட்டுக்குழுவில் நின்றேன். நீ காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, குசினிக்குப் பின்னால் கல்வேலியோடு ஒளிந்திருந்தாய். பூசை முடிந்ததும் ஓடி வந்து கேட்டேன்.

"ஆரையும் கண்டனியோ?"

"ஒருத்தரும் வரேல்லை" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பெரிய வாத்தியார், "கள்ளன் பிடிபடுமட்டும் ஒருத்தருக்கும் சாப்பாடு இல்லை" என்றார். எங்களில் பலருக்கு ஒரு நாளில் அது ஒன்றுதான் சாப்பாடு. நீ எழும்பினாய்.

"நான்தான் சேர் எடுத்தனான்."

உன் அப்பா, என் மாமா, பூவரசங் கம்பால் அடித்தார். நான் விலக்கப் போகவில்லை. "கள்ளி, என்னோடை கதையாதை" என்றுவிட்டு வந்தேன். அந்த வருடம் முழுக்க நீ தனியாக இருந்து சாப்பிட்டாய். கலியாணம், பிள்ளை என்று வந்த பிறகுதான் திரும்ப ஒட்டிக்கொண்டோம். அதைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசவில்லை.

நாவலின் முடிவில், கூடச் சேர்ந்து தேடிய சிநேகிதியே கள்ளி. வாசித்தவர்கள் அந்த முடிவைத்தான் மெச்சினார்கள். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாய்.

"நல்லா எழுதியிருக்கிறாய். ஆனா அந்தப் பிள்ளை ஏன் எடுத்தவள் எண்டு எழுதேல்லையே?"

"நீதான் சொல்லோணும். ஏன் எடுத்தனி?"

"பசிதானேடி" என்று சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, ஜெசி?

போன கிழமை அம்மா, தனக்குக் கண் தெரியவில்லை, நாவலை வாசித்துக் காட்டு என்றார். கடைசி அத்தியாயத்தில் கையை நீட்டிப் புத்தகத்தை மூடினார்.

"அவள் எடுக்கேல்லை. நான்தான் எடுத்தனான். உன்ரை அப்பா கடலுக்குப் போக ஏலாமல் கிடந்த நேரம். உனக்குத்தான் காய்ச்சித் தந்தனான்."

"ஜெசி உங்களைக் கண்டவளோ?"

"கண்டவள். அடி வாங்கின அண்டைக்குப் பின்னேரம் என்னட்டை வந்தவள். 'மாமி, இனிப் போகாதேங்கோ' எண்டு மட்டும் சொன்னவள்."

அம்மா அழுதார். நான் எழும்பித் தேத்தண்ணி வைத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் அப்படியே குடித்தோம். அன்று கல்வேலியோடு இருந்தது நானாக இருந்து, வந்தது உன் அம்மாவாக இருந்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன்?

நேற்று உன் மகள் போன் எடுத்தாள். அவளோடு படிக்கிறவர்கள் நாவலை வாசித்திருக்கிறார்கள்.

"அன்ரி, அந்தக் கள்ளி எங்கடை அம்மாவோ?"

"இல்லையம்மா. நேரிலை வந்து சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். எழும்பி மாற்றுச் சேலை ஒன்றை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "என்னையும் கூட்டிக்கொண்டு போ. அண்ணைக்கும் நான்தான் சொல்லோணும்" என்றார்.

நாளைக் காலை குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு ஏறுகிறோம். அச்சாகிப் போன புத்தகங்களை என்னால் திரும்ப வாங்க முடியாது. உன் மகளுக்கும் மாமாவுக்கும் முன்னால் அம்மா தன் வாயால் சொல்வார். அவருக்கு வாய் எழும்பாவிட்டால் நான் சொல்வேன். சொல்லாமல் திரும்பமாட்டேன்.

உன் மச்சாள்,
றீற்றா