நீ விழுந்த மூலையில் இருந்த கல்

தாராவி, பம்பாய்-17
18-3-64, புதன்

பிலாய் இரும்பாலையில் இருக்கும் என் மகன் பூலோகத்துக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொன்னது. அப்பாவும் வடிவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் தபால் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வடிவு எழுதுகிறாள், பி.ஏ. படித்தவள் ஆயிற்றே, என் பேச்சைத் திருத்தித் திருத்தித்தான் எழுதுகிறாள், திருத்தினாலும் விஷயம் என்னுடையது.

போன கடிதத்தில் சொல்லியிருந்தேன், சர்க்காரில் விளையாட்டுக்கென்று இருக்கும் இலாகா ஏழை ஜனங்கள் குடியிருக்கும் இடங்களில் மைதானத்தைச் சமப்படுத்திச் சுற்றுச்சுவர் கட்டப் பணம் தருகிறதாம், நம் சடுகுடு சங்கத்துக்காக வடிவுதான் இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினாள் என்று. தோல் ஷாப்புக்குப் பின்னால் நீங்கள் ஆடும் இடத்தில் அந்த டிரம் வியாபாரி வாரத்துக்கு ஒரு வரிசை காலி டிரம்மை முன்னே தள்ளிக்கொண்டே வருகிறான். சுவர் எழும்பாவிட்டால் மழைக்காலத்துக்குள் இடம் முழுவதும் அவனுக்குத்தான். நீ போனபின் கேப்டனாக இருக்கும் ஹமீது, இனி ரயில் தண்டவாளத்துலதான் ஆடணும் பெரியம்மா, அங்க கோடு போட்டே கிடக்கு என்று சிரிக்கிறான், ஆனால் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

இனி சொல்வதைக் கோபப்படாமல் படி. ஐந்தாம் தேதி விளையாட்டு இலாகா அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். மைதானத்து மூலையில் நான் அம்மனுக்கு நட்ட கல் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஆடும்போது அங்கே விழுந்து முட்டி உடைந்து கிடந்த அன்று நேர்ந்துகொண்டு வைத்தது. சும்மா இருந்தால் யார் கண்ணிலும் படாத கல்தான். நல்ல காரியம் நடக்கப் போகிறதே என்று நான் விடியற்காலம் போய் அதைக் கழுவி மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, மாலை போட்டு, தேங்காயும் உடைத்து வைத்தேன். சங்கத் தலைவர் பிரம்மநாயகம் அண்ணாச்சி அதிகாரியை அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி மாலை போட்டார். நான் தட்டில் திருநீறும் தேங்காய்ச் சில்லும் கொண்டுபோய் நீட்டினேன். ஏ மந்திர் ஹை க்யா, இது கோயிலா என்று அவர் கேட்டார். கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது தம்பி, புரிந்துதான் பெருமையாக, ஹாங் சாப், மந்திர் ஹை, கோயில்தான் என்றேன். அவர் மரியாதையாகத் திருநீற்றை வாங்கிக்கொண்டார், டேப் வைத்து இடத்தை அளந்தார், களம் அளவு குறைகிறது என்றார், பிறகு இது வழிபாட்டு ஸ்தலம், விளையாட்டுப் பணம் இதற்குக் கொடுக்க முடியாது என்று ஃபைலில் எழுதிக்கொண்டு போய்விட்டார். எத்தனை இங்கிலீஷ் படித்தும் வடிவு தோல் ஷாப் சுவரோடு சுவராக நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஏளா, காலேஜுல வாயைப் பூட்டுறதுக்கா சொல்லிக் குடுத்தாவ என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் அவள் செய்ததை எழுதமாட்டேன் என்கிறாள், எழுது என்று சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அந்த ஆபீஸுக்குப் போய், பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, கடைசியில் அது கோயில் இல்லை, என் அம்மா அண்ணனுக்காக வைத்த கல் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம். அவர், இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன், அப்போது கல் அங்கே இல்லாவிட்டால் எழுதியதை மாற்றுகிறேன் என்றாராம்.

சங்கத்தில் கூடிப் பேசினார்கள். பிரம்மநாயகம் அண்ணாச்சி, அம்மன் கல்லத் தூக்குனவன் குடும்பம் என்னத்துக்கு ஆகும், நான் தொடமாட்டேன்பா என்று எழுந்து போய்விட்டார். ஹமீது, நீங்க சொன்னா தூக்குதேன் பெரியம்மா, ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஹமீது தூக்கினதாலன்னுதான் பேசுவாங்க என்றான். அவன் சொன்னது நியாயம். அந்தக் கல்லைக் கும்பிடாவிட்டாலும் அதன் பக்கத்தில் யாரும் செருப்பை விடாமல் அதட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு மைதானம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். நீ நிற்பது உலைக்கு முன்னால். உனக்காக நட்டதை நானே பிடுங்கி, அந்த நேரம் பார்த்து உனக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் நான் யாரிடம் போய் அழுவேன். நேற்றுச் செவ்வாய்க்கிழமை, எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். இன்று காலை ஏழு மணிக்கு, நட்டவள் நான், எடுக்கிறவளும் நானே என்று போய்விட்டேன்.

மேலே தேங்காய் அளவுதான் தெரியும், கடப்பாரை போட்டுத் தோண்டினால் கீழே முழங்கை நீளம் இருக்கிறது. வடிவும் நானுமாகத் தூக்கி ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து குடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். திரும்பிப் போனபோது ஹமீது குழியில் மண்ணைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தான். மற்றப் பையன்கள் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள், பழைய கோட்டை அழித்துவிட்டு இரண்டு அடி தள்ளி, கல் இருந்த இடத்துக்கு மேலேயே போட்டார்கள். ஏன் என்று கேட்டேன். பையன்கள் நிமிராமல் சுண்ணாம்பைத் தூவினார்கள். கல்லில் கால் பட்டுவிடக் கூடாது என்று இந்த இரண்டு வருஷமாக ஆட்டக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டு ஆடியிருக்கிறார்கள், அதிகாரி அளந்தபோது களம் அளவு குறைகிறது என்று சொன்னதும் அதனால்தான், அப்போதும் அம்மா நட்ட கல்லால்தான் என்று யாரும் சொல்லவில்லை, என்று வடிவுதான் மெதுவாகச் சொன்னாள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன் பூலோகம்.

வெள்ளிக்கிழமை அவர் வருவார், நான் வெளியே தலைகாட்டப் போவதில்லை, வடிவு பேசுவாள். பேசுவேன் என்று அவளே எழுதுகிறாள் பார். வேலைக்குப் போகும்போது முட்டிக்குத் துணி சுற்றிக்கொள், உலைப் பக்கம் அவசரமாக நடக்காதே, குளிர்ந்த தண்ணீரில் காலை வைக்காதே. வீட்டில் இருக்கும் அம்மனுக்கு இரண்டு வேளையும் விளக்கு வைக்கிறேன், இடம் மாறியதை மனதில் வைக்காமல் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் மறுதபாலில் பதில் போடு. மைதானம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுத வேண்டாம், அதை நாங்கள் தெரிவிக்கிறோம். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நீ எங்கே இருந்தாய், உன் கால் எப்படி இருந்தது, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா ஆறுமுகத்தாய்
(எழுதியது தங்கை சண்முகவடிவு)