கூட்டமில்லாத பனிச்சரிவு

ஜனவரி 14, புதன்

பால் வாங்கப் போன இடத்தில், மாசி டெய்ரி என்ற மூலைக்கடை வாசலில், பழக்கமான யோகராணி என்னைப் பிடித்துக்கொண்டார். மகன் கபிலன் பனிச்சறுக்குக்காக ஆல்ப்ஸ் போயிருக்கிறானாம். அங்கே அதிகம் பேர் அறியாத ஊர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தானாம்.

“அங்க சனமே இல்லையெண்டு எழுதியிருக்கிறியள். எனக்குப் பெரிய நிம்மதி அண்ணை. ஒருத்தரும் வந்து இடிக்க மாட்டினம்தானே?”

“ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன். பால் வாங்காமலே காருக்கு வந்தேன்.

குறித்த பாதையை விட்டு விலகினால் அங்கே இடிக்க ஆளில்லை. பனி சரிந்து மூடினால் தோண்டி எடுக்கவும் ஆளில்லை. நான் உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு போனேன். எந்தச் சரிவில் இறங்கலாம், எதில் கூடாது என்று அவர்தான் சொன்னார். கட்டுரையில் இடம் போதாதபோது அந்தப் பத்தியை நானே வெட்டினேன். “தடமே பதியாத பனி” என்ற வரியை வைத்துக்கொண்டேன்.

இரவு கபிலனுக்குச் செய்தி அனுப்பினேன்: வழிகாட்டி இல்லாமல் பாதையை விட்டு இறங்காதே. உலகின் இந்தத் தென்கோடியில் இரவென்றால் அங்கே காலை நேரம். உடனே ஆங்கிலத்தில் பதில் வந்தது. அறுபது வயதில் நீங்களே தனியாகப் போனீர்கள், எனக்கென்ன அங்கிள் என்று கேட்டிருந்தான்.

அழைத்தேன். எடுக்கவில்லை. நான் தனியாகப் போகவில்லை என்று எழுதி அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லை.

கட்டுரையை எடுத்துப் படித்தேன். அவன்மேல் தவறில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அந்த மலையில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.