கதவளவில் குப்பம்மா

திருமுல்லைவாயில்,
ஞாயிறு

அன்புள்ள பிரசன்னாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் சுகமில்லை. கிளாஸ்கோவில் நீ சுகம் என்பதை மாடிவீட்டு சௌம்யாவின் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், பெற்றவளுக்கு அப்படித்தான் தெரியவேண்டியிருக்கிறது. கண்காட்சி வைத்திருக்கிறாயாமே, சந்தோஷம். சுவரில் கதவளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளைக்காரர்கள் கோப்பையும் கையுமாக அண்ணாந்து பார்க்கிறார்கள். யாரென்று கண்ணாடி போட்டுப் பார்த்தால், நம் ஸ்டேஷன் வாசலில் மீன் விற்கிற குப்பம்மா! வாயில் வெற்றிலை, கையில் சங்கரா மீன், நெற்றி வேர்வை சொட்டுச் சொட்டாகத் தெரிகிறது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். சேதி தெரிந்ததிலிருந்து அவள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டுதான் செதில் சுரண்டுகிறாள்.

போன தை மாதம் நீ வந்திருந்தபோது கேமராவைத் தூக்கினாலே, இருடா வருகிறேன் என்று உள்ளே ஓடி, நைட்டியை மாற்றி, அரக்குப் பட்டைக் கட்டி, பவுடர் அப்பிக்கொண்டு வருவேன். அதற்குள் நீ தெருமுனையில் நாய்க்குட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருப்பாய். கறுப்பு வெள்ளையில் அரக்கு எங்கே தெரியப்போகிறது என்று இந்த மண்டைக்கு உறைக்கவேயில்லை பார். போன வாரம் மனம் பொறுக்காமல் குப்பம்மாவிடமே, என் பிள்ளை உன்னிடம் என்னத்தைக் கண்டான் என்று கேட்டுவிட்டேன். அவள் கத்தியைக்கூட நிறுத்தவில்லை. “எனக்கு இன்னாமா தெரியும், தம்பி எப்ப எடுத்துச்சின்னே தெர்ல. உங்கம்மாவ எடுக்கலியா நைனான்னு கேட்டேன். அதுக்கு, அம்மா அம்மாவா நின்னா எடுக்கலாம்க்கா, கேமராவக் கண்டா கல்யாணத்துக்குக் கெளம்பிட்றாங்கன்னு சொல்லிச்சு” என்றாள். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண் ஏன் கலங்கியது என்றுதான் தெரியவில்லை.

அன்றிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். நைட்டியும் தோளில் துண்டுமாக வாசலில் நின்று குப்பை வண்டிக்காரரோடு மல்லுக்கட்டும்போது அப்பா டிவி ரிமோட்டைக் கேமராபோலக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, திரும்பாதே ஜெகதா என்கிறார். திரும்பித் தொலைக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள். உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும், இதைவிடப் பெரிய சுவர் கிடைக்கட்டும். சித்திரையில் வந்துவிடு, தேதியை மட்டும் என்னிடம் சொல்லாதே. தலைக்கு டை அடிப்பதையும் விட்டுவிட்டேன். பாதி கறுப்பு, பாதி வெள்ளை, உனக்குத் தோதாக இருக்கும்.

இப்படிக்கு,
குப்பம்மாவுக்குப் பக்கத்துச் சுவரைக் கேட்கும் உன் அம்மா,
ஜெகதாம்பாள்