ஆறாவது துளை

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகன் வணக்கத்தோடு எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் இங்கே சுகம்தான்.

எங்கள் ரொட்டிக் கம்பெனியில் மூன்று வேளையும் ரொட்டி இலவசம். தின்றால் வயிறு பானையாய் உப்பும், வாயெல்லாம் புண். உடம்பு மட்டும் துரும்பாய் இளைத்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல், விடுதியில் என் கட்டிலில் எனக்கு முன் இருந்தவர் விட்டுப்போன பெல்ட்டை எடுத்துக் கட்டினேன். அவரே ஆணியால் குத்திய ஐந்து துளைகள் அதில் உள்ளே உள்ளே போயின. மாதம் ஒன்றாய் அதே துளைகள் எனக்கும் பொருந்தின.

ஐந்தாவதுக்கு வந்ததும் விடுதிச் சமையல்காரரிடம் அந்தப் பெல்ட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

“அவரும் வயிறு வயிறுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. ஒருநாள் பெல்ட் இருந்துச்சு, ஆளைக் காணோம்” என்றார்.

ஊருக்குப் போயிருப்பார். நான் அன்றே டாக்டரிடம் ஓடினேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, கோதுமை என் குடலுக்கு ஆகாது, அதை விட்டுவிட்டால் தேறிவிடுவேன் என்றார். கவலைப்படாதே. ரொட்டியைத் தொட்டே பத்து நாளாகிறது.

கொஞ்சம் அரிசி மாவு அனுப்பு. வீட்டில் கிடக்கும் என் பழைய பெல்ட்டையும் மறக்காமல் வை, தொளதொளவென்று இருந்தாலும் பரவாயில்லை. இன்று காலை பார்த்தால், இந்தப் பெல்ட்டில் ஐந்தாவதுக்கும் உள்ளே ஆறாவது துளை இருக்கிறது. நான் குத்தவில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உன் மகன்