மைக்கை விடாதே

மே 6, செவ்வாய்

மழை. பக்கவாட்டில். குடை இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தது, பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டது. அதைப் பேருந்து நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நனைந்தபடியே பல்கலைக்கழகம்.

இன்று பொதுச் சொற்பொழிவுத் தொடரின் முதல் நாள். அறமும் உலக அரசியலும். மூன்று செவ்வாய்கள், மாலை ஆறு மணி, அனுமதி இலவசம். பேசுபவர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர் (இனி பே.). என் வேலை: வாசலில் தலை எண்ணுவது, மேடையில் தண்ணீர் வைப்பது, கேள்வி நேரத்தில் கை தூக்கியவரிடம் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. அரசியலிலும் மெய்யியலிலும் பட்டம் வாங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம். ஓடுகிறேன்.

தொடங்கும் முன் மேகன் (நிகழ்ச்சிப் பிரிவின் பொறுப்பாளர், என் மேலாளர்) தனியாகக் கூப்பிட்டார். ஒரு வருட ஒப்பந்த வேலை வருகிறதாம். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். எனக்கே தர விருப்பமாம். ஒரே ஒரு சந்தேகம். "நீ மைக்கைக் கொடுத்துவிடுகிறாய். கொடுத்தால் அது திரும்பி வராது. உன் கையிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் வாய்க்கு முன்னால் பிடி. இந்தத் தொடர் முடிவதற்குள் அதைச் செய்து காட்டு."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

உரை: பெரிய நாடுகளின் சண்டையில் சிறிய நாடு நடுநிலையாக இருக்கலாமா. பாதி கேட்டேன். மீதி நேரம் கேள்வி நேரத்தை நினைத்துப் பயந்தேன்.

முதல் கை, பச்சை மழைக்கோட்டு ஐயா. ஓய்வுபெற்றவர், இங்கே எந்தச் சொற்பொழிவையும் தவறவிடாதவர். எப்போதும் "என் கேள்விக்கு மூன்று பகுதிகள்." (இனி மூ.ப.) மைக்கை நீட்டினேன். அவர் பிடித்தார். நானும் பிடித்திருந்தேன். அவர் மெதுவாக இழுத்தார். நான் "ஸாரி" சொல்லி விட்டுவிட்டேன்.

முதல் பகுதிக்கே நான்கு நிமிடம். நான் அவர் பக்கத்தில் நடைபாதைப் படியில் குந்தியிருந்தேன், பந்தியில் சாம்பார் வாளியைப் பறிகொடுத்தவள் போல. பின்சுவரில் சாய்ந்து நின்ற மேகன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். முதலில் என்னிடம் நேரம் கேட்கிறார் என்று நினைத்தேன்.

எழுந்து போன ஒரு பெண் தோழியிடம்: "யாருடைய சொற்பொழிவுக்கு வந்தோம் என்று மறந்துவிட்டது."

மே 7, புதன்

வெயில், ஆனால் குளிர். சாக்ஸ் இன்னும் காயவில்லை.

பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் நேற்றைய படங்கள். ஒன்றில் நான். கையில் மைக், வாய் திறந்திருக்கிறது. ("ஸாரி" சொன்ன நொடி.) பின்னால் பெரிய திரையில் "அறமும் உலக அரசியலும்".

அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டில் பேச்சு குறைவு, வாட்ஸ்அப்பில் அதிகம். சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். நான் வீட்டுக்கு வருவதற்குள் கோயில் குழுவில்: "பல்கலைக்கழகத்தில் எமது மகளின் உலக அரசியல் சொற்பொழிவு. வரும் செவ்வாய்களிலும் தொடரும்." கீழே கும்பிட்ட கைகள் நாற்பத்தேழு. அழுகிற முகம் ஒன்று. அது கைதவறி என்கிறார் அம்மா.

"அப்பா, நான் அங்க கதைக்கிறேல்லை. கேள்வி கேக்கிற ஆக்களுக்கு மைக் கொண்டு போறதுதான் வேலை."

"அடக்கம் நல்லதுதான் பிள்ளை."

"அடக்கம் இல்லையப்பா, உண்மை."

"மைக் கையில. வாய் திறந்திருக்கு. பிறகென்ன?"

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் முறையிட்டேன். "நானும் சொன்னனான். எங்கட கூட்டங்களில மைக் வைச்சிருக்கிறவர்தானே பெரிய ஆள் எண்டுறார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரிதானே."

சரிதான். கோயில் மண்டபத்தில் மைக் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய் நான் பார்த்ததில்லை. மகாலிங்கம் மாஸ்டர் (ஊரில் ஆசிரியர், இங்கே பிளாக்ஹவுஸ் பே பகுதியில் வீடு, கோயில் சபைத் தலைவர்) நன்றியுரைக்கு எழும்பினால் அம்மா கைப்பையிலிருந்து பின்னல் வேலையை எடுப்பார். போன வருடம் ஒரு கழுத்துத் துண்டு பின்னி முடிந்தது.

மே 10, சனி

தூறல். உடுப்பு மடித்தல், நூலகப் புத்தகம், அகப்பை.

அப்பாவின் நினைப்பைத் திருத்த வழிகள்:
1. நேரே சொல்வது. (சொன்னேன். அடக்கம் என்றார்.)
2. குழுவில் எழுதுவது. (கும்பிட்ட கைகள் நாற்பத்தேழுக்கு எதிராக.)
3. காய்ச்சல்.
4. உண்மையாகவே ஒரு சொற்பொழிவு ஆற்றுவது. (எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.)

இப்போதைக்கு மைக் முக்கியம். அகப்பையைப் பிடித்துக்கொண்டு பயிற்சி. அம்மா மூ.ப. ஆக நடித்தார். இழுத்தார். விட்டுவிட்டேன். மறுபடி. மறுபடியும் விட்டுவிட்டேன்.

"எனக்கே விடுறாய். வெள்ளைக்காரருக்கு விடமாட்டியோ?" என்று அகப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மே 13, செவ்வாய்

காற்று. இரண்டாம் சொற்பொழிவு. அப்பாவுக்கு மாலை வேலை, கூட்டிவர ஆளில்லை, ஆகவே கோயில் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அப்பாடா.

தலைப்பு: எல்லை தாண்டி வருபவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன. பே. நன்றாகப் பேசினார். "நாம்" என்ற சொல்லை அடிக்கடி சொன்னார். அதில் நான் எந்தப் பக்கம் என்று எண்ணிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

மூ.ப. முதல் கை. இந்த முறை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவர் மூன்றாவது கையாக ஒரு புன்னகையைப் பயன்படுத்தினார். போயிற்று. அகதிகளின் மனநிலை என்னவென்று ஆறு நிமிடம் விளக்கினார். அவர்கள் நன்றியோடு இருக்கிறார்கள், ஆனால் குழம்பிப்போயிருக்கிறார்கள் என்றார். நான் அவர் காலடியில் குந்தியிருந்தேன். ஏழு வயதில் அம்மா அப்பாவோடு இந்த நாட்டில் அகதியாக வந்து இறங்கியவள். நன்றி அந்த நேரத்தில் இல்லை. குழப்பமும் இல்லை. முழங்கால் நொந்தது.

பிறகு பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுக்க மைக்கை அக்குளில் வைத்தார். அரங்கம் முழுவதும் அவருடைய அக்குளைக் கேட்டது.

முடிந்ததும் மேகன் திட்டவில்லை. அதுதான் பயம். தேநீர் ஊற்றித் தந்தார். அடுத்த வாரமும் இப்படியென்றால் அந்த வேலைக்கு வெளியே விளம்பரம் போட வேண்டியிருக்கும், மன்னித்துக்கொள் என்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம்.

வீட்டில் அப்பா, சிரித்த முகம்: "வாற செவ்வாய்க்கு வேலை மாத்திப்போட்டன். மாஸ்டரும் வாறார். அங்கால பாபகூராவில இருந்து ரெயில் எடுத்து ஆக்கள் வருகினம்."

காய்ச்சல் வரவில்லை. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன்.

மே 19, திங்கள்

மழை விட்டுவிட்டு. அம்மா மரக்கறி ரோல்ஸ் சுற்றுகிறார். எண்பது.

"அங்க பிஸ்கட் குடுப்பினம் அம்மா."

"பிஸ்கட்டோட ஒரு கூட்டமோ?"

நாளைய தலைப்பு "மௌனமும் உடந்தையும்". சுவரொட்டியை அப்பா இரண்டு தரம் வாசித்தார். "பாரமான தலைப்பு. நீ சமாளிப்பாய்." மறுபடி உண்மையைச் சொன்னேன். தேநீரை ஊதிக் குடித்தார்.

மே 20, செவ்வாய்

நாள் முழுவதும் மழையே இல்லை. வராமலிருக்க ஒருவருக்கும் சாட்டு இல்லை.

எங்கள் ஆட்கள் பதினான்கு பேர். முன் வரிசை முழுவதும். பட்டுச் சேலைகளுக்கு மேலே குளிருக்கான தடித்த பஃபர் ஜாக்கெட். மாஸ்டர் நடுவில், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் பொன்னாடை. யாருக்கென்று கேட்கத் தேவையில்லை. அப்பா திருமணங்களுக்குப் போடும் கோட்டில். வாசலில் தலை எண்ணும் கருவியைக் கூட அழுத்த மறந்தேன்.

மேகனுக்கு ஒரே சந்தோஷம். சமூகத்தின் பங்கேற்பு என்று சொல்லிக்கொண்டே ஒரு ரோல்ஸ். பிறகு இன்னொன்று.

உரை தொடங்கியது. பே. மேடையில், நான் சுவரோரம். முன் வரிசை முழுவதும் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. எப்ப ஏறுவாய் என்று கண்ணால் கேட்டது. பாபகூரா மாமி ஒருவர் மெல்ல, "முதல்ல விருந்தினர் கதைப்பார், பிள்ளை கடைசியா." மற்றவர்கள் தலையாட்டினார்கள். மாஸ்டர் மட்டும் உரையைக் கேட்டார். குறிப்பெடுத்தார்.

கேள்வி நேரம். மாஸ்டரின் கை மூ.ப.வின் கையை முந்தியது. பே. மாஸ்டரைக் காட்டினார்.

போனேன். மாஸ்டர் எழுந்து கையை நீட்டினார். மூ.ப.விடமாவது கொஞ்சம் போராடினேன். மாஸ்டர் கேட்டால் கொடு என்று எங்கள் ஆட்களின் எலும்பில் எழுதியிருக்கிறது. இரண்டு கையாலும், கொஞ்சம் குனிந்து கொடுத்தேன்.

ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். ஆனால் அது நன்றியுரை. மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே. அரங்கைத் தந்த பல்கலைக்கழகத்துக்கு நன்றி. ஒலி, ஒளி அமைத்தவர்களுக்கு நன்றி. துப்புரவு செய்தவர்களை மறக்க முடியாது. சிற்றுண்டி தந்த தாயாருக்கு நன்றி (அம்மா எழுந்து கும்பிட்டார், கொஞ்சப் பேர் கைதட்டினார்கள்). பிறகு அவர் படிப்பித்த பள்ளிக்கூடம். அதன் நூலகம். அதன் மாமரம். பே.யின் புன்னகை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. மேகன் மணிக்கட்டைத் தட்டவில்லை. கையால் முகத்தை மூடியிருந்தார்.

"இப்போது எங்கள் மகள் உரையாற்றுவார். அதற்கு முன்..."

மூ.ப. பின்னாலிருந்து கத்தினார்: "இதில் கேள்வி ஏதாவது இருக்கிறதா?"

அவர். அவர் கேட்டார்.

அந்தக் கோபம்தான் என்னை எழுப்பியது என்று நினைக்கிறேன். எங்கள் மாஸ்டரை மூ.ப. நிறுத்துவதா? எழுந்தேன். மாஸ்டரின் கையோடு சேர்த்து மைக்கைப் பிடித்தேன். இழுக்கவில்லை. விடவும் இல்லை.

"மாஸ்டர், சொன்னது காணும்."

மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அரங்கம் முழுவதும் கேட்டது. முன் வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அப்பா காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

"ஒரேயொரு வசனம் பிள்ளை."

"வசனம் வேண்டாம். கேள்வி இருந்தாக் கேளுங்கோ. மைக் என்ர கையில இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய கழுத்துப் பட்டியைப் பார்த்தேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நான் மைக்கை அவர் வாய்க்கு முன்னால் பிடித்தேன்.

இப்போது அலங்காரம் எதுவும் இல்லாத ஆங்கிலம். "மௌனமாக இருந்தவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் ஊரில் போர் நடந்தபோது நாங்கள் மௌனமாக இருக்கவில்லை. கத்தினோம். உலகம் கேட்டது, கவலை தெரிவித்தது, குறித்துக்கொண்டது. கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு உங்கள் அறவியலில் என்ன பெயர்?"

பே. தண்ணீர் குடித்தார்.

"பெயர் இல்லை" என்றார். "இருந்திருக்க வேண்டும். நான் யோசிக்க வேண்டும்."

மாஸ்டர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். ஒற்றைச் சொல்லில்.

அடுத்தது மூ.ப. "என் கேள்விக்கு மூன்று..."

"ஒன்று" என்றேன், ஆங்கிலத்தில். என் குரல்தானா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அவர் மைக்கைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். மூன்றில் எது என்று தெரிவு செய்ய முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

கொண்டுவந்த பொன்னாடையைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். மாஸ்டர் அதை பே.க்குப் போர்த்தினார். பே. உயரம், முழங்காலை மடக்க வேண்டியிருந்தது. அதோடே டாக்சியில் ஏறிப் போனார்.

மாஸ்டர் போகும்போது என் முன்னால் நின்றார். "நாப்பது வருசம் படிப்பிச்சனான். பிள்ளையளை நான் இருத்தியிருக்கிறன். என்னை ஒருத்தரும் இருத்தினதில்லை." கோபமா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்குள் காரில் ஏறிவிட்டார்.

எங்கள் கார். த்ரீ கிங்ஸ் சந்திச் சிக்னலில் சிவப்பு.

"அப்ப, நீ கதைக்கிறேல்லை."

"இல்லையப்பா. முதலே சொன்னனான்."

"ஓம். சொன்னனி."

பச்சை விழுந்தது. அப்பா எடுக்கவில்லை. பேருந்து ஓட்டுபவர், பச்சைக்கு ஒருநாளும் பிந்தாதவர். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அம்மா பின் இருக்கையிலிருந்து, "ரோல்ஸ் ஒண்டும் மிஞ்சேல்லை."

மே 21, புதன்

மூடுபனி. அப்பா விடிய வேலைக்குப் போய்விட்டார். கோயில் குழுவில் ஒரு செய்தியும் இல்லை. நாற்பத்தேழு பேரும் ஒரே நேரத்தில் அமைதி. அதைப் பத்து தடவை திறந்து பார்த்தேன்.

மே 22, வியாழன்

வெயில். மேகன் கூப்பிட்டார். அந்த "காணும்" என்றால் என்ன என்று கேட்டார். போதும் என்று பொருள் என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பழகிப் பார்த்தார். பிறகு படிவத்தைத் தள்ளினார். ஒரு வருடம், ஜூன் முதல். கடமைகள் ஒரு பக்கம்: அரங்கு, பதிவு, மைக், பேச்சாளருக்கு "இன்னும் ஐந்து நிமிடம்" அட்டை காட்டுதல். கையெழுத்து என்னுடையது போலவே இல்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா "ம்" என்றுவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனார். நான் சன்னலைச் சாத்தவில்லை.

"ஓம் மாஸ்டர், கிடைச்சிட்டுதாம்... இல்லையில்லை, கதைக்கிற வேலை இல்லை. அதை நான்தான் பிழையா விளங்கிப்போட்டன்." முற்றத்தை ஒரு சுற்று நடந்தார். "கதைக்கிற ஆக்களை நிப்பாட்டுற வேலை... ஓம். ஓம். நீங்கள்தானே கண்டனீங்கள்... அதைத்தான் நானும் யோசிச்சன், எல்லாராலயும் ஏலாது."

பிறகு ஃபோனை நெஞ்சில் பொத்திக்கொண்டு சன்னலைப் பார்த்து:

"பிள்ளை, மாஸ்டர் கேக்கிறார். பேராசிரியர்மாரையும் நீதானோ நிப்பாட்டுறது?"

ஐந்து நிமிட அட்டையை நினைத்தேன்.

"ஓம் அப்பா."