கொச்சியின் ஐந்து பற்கள்

பல்லேபொல,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த நேரம்.

அன்புக் கணவர் முனாஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மாமியும் சுகம். கொச்சியும் சுகம். பூனையின் பெயரைக் கண்டதும் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தாலே "சரி, பிறகு பார்ப்போம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. லீவு முடிந்து நாளைக்கு தோஹா திரும்பும் உங்கள் அறைக்கூட்டாளி ஜுனைதீன் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் உங்கள் கட்டளைக்குப் பதில். கொச்சியைக் கலேவெல சந்தையில் கொண்டுபோய் விடச் சொன்னீர்கள். நான் விடவில்லை. இனியும் விட மாட்டேன். நோன்புக்கு நீங்கள் வரும்போது அது இந்த வீட்டில்தான் இருக்கும். உங்களுக்கும் இடம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், மாமி போனில் சொன்னது பாதிதான். ஒரு மாதமாகக் கொச்சியின் வாய் நாறியது. எச்சில் வடிந்தது. மீனை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, தலையைச் சரித்து ஒரு பக்கத்தால் மெல்லப் பார்க்கும். பல்வலியாக இருக்கும் என்று உங்களிடம் சொன்னேன். கராம்பெண்ணெய் தடவு என்றீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முற்றத்தில் கராம்பு மரம் நிற்கிற வீட்டில் பல்வலிக்கு வேறு எதைத் தேடுவது? நம் வீட்டு எண்ணெயையே பஞ்சில் தொட்டு, இரண்டு நாள் ஈறு முழுக்கத் தடவினேன். நீங்கள் சொன்னீர்கள், செய்தது என் கை. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் நாள் காலை அது எழும்பவில்லை. கால்கள் தள்ளாடின, வாயில் நுரை வந்தது. அன்றைக்குத்தான் நீங்கள் மாமியிடம், சாகிற பூனையை வீட்டில் வைத்திருக்காமல் சந்தை மீன்கடைப் பக்கம் விட்டுவிடச் சொன்னீர்கள். மாமி உரப்பையையும் எடுத்து, ஹாஷிம் நானாவின் த்ரீவீலரையும் வரவழைத்துவிட்டார். நான் கொச்சி கிடந்த அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். வண்டி கலேவெலப் பக்கம் திரும்பியது. நானா, மாத்தளைக்கு விடுங்க என்றேன். மாமி கலேவெல என்டு சொன்னாங்களே புள்ள என்றார் அவர். மாமி வண்டியில இல்லயே நானா என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார்.

மாத்தளையில் மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண், என்னைவிடச் சின்னவர். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். நானும் பெருமையாகவே கராம்பெண்ணெய் என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. கராம்பெண்ணெய் பூனைக்கு நஞ்சாம். நம் உடம்பு தாங்குவதைப் பூனையின் ஈரல் தாங்காதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன், வெட்கப்படவில்லை.

மூன்று நாள் சேலைன் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு வாயைப் பார்த்தால் கடைவாய்ப் பற்களில் கல் மாதிரி மஞ்சள் காறை, அடியில் ஈறெல்லாம் சீழ். மயக்க மருந்து கொடுத்து ஐந்து பற்களைப் பிடுங்க வேண்டும் என்றார். மயக்கத்தில் உயிர் போகவும் கூடும், சம்மதமா என்று ஒரு படிவத்தை நீட்டினார்கள். அங்கே வேலை செய்யும் பையன் பழக்கத்தில் உங்கள் பெயரைக் கேட்டு உரிமையாளர் என்று எழுதிவிட்டான். நான் வாங்கி அதைக் கோடிட்டு வெட்டி, நிஷ்மியா என்று என் கையால் எழுதிக் கையொப்பம் வைத்தேன். உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

இப்போது அது சோற்றையும் மீனையும் பிசைந்து வைத்தால் தட்டை நக்கி முடித்துவிட்டு என்னைத் திட்டுகிறது. மிச்சப் பற்களைக் காப்பாற்ற, தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு மடியில் வைத்துப் பல் விளக்கிவிடுகிறேன். பிள்ளைகளின் மெல்லிய பிரஷ், பூனைக்கென்றே செய்த பேஸ்ட். நம்முடைய பேஸ்ட் கூடாதாம். இரண்டு தரம் கடி வாங்கினேன். பக்கத்து வீட்டு நப்லா வேலியால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். என்ட மிஸ்வாக் குச்சிய எடுத்துடாத புள்ள என்று மாமி ஒளித்து வைத்திருக்கிறார். சிரிக்கட்டும். ஆனால் நேற்று நான் கிணற்றடியில் நின்றபோது மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தது யார் என்று மாமியிடமே கேளுங்கள்.

வைத்தியர் சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. பூனை வலியை வெளியே காட்டாதாம். தின்ன முடியாமல் போகிற அன்றுதான் நமக்குத் தெரியவருமாம்.

நேற்று ஜுனைதீன் விடைபெற வந்தார். விசுக்கோத்தைத் தேநீரில் நனைத்தவர், முனாஸும் இப்பிடித்தான், குப்பூஸ் ரொட்டியையும் நனைச்சுத்தான் திங்கிறாரு, இடப் பக்கம் மெல்ல ஏலாதாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஆறு மாதமாமே. கன்னம் வீங்குகிற நாட்களில்தான் வீடியோ கோல் வேண்டாம், சிக்னல் சரியில்லை என்று எனக்குச் சொல்கிறீர்களாம். டாக்டரிடம் போனால் ஒரு நாள் வேலை போகும் என்று கராம்பெண்ணெய் தடவிக்கொண்டே இருக்கிறீர்களாம். அது முடிந்துவிட்டதாம், இன்னொரு போத்தல் வாங்கிவரச் சொன்னீர்களாம்.

போத்தல் தர மாட்டேன். மாமி எடுத்துக் கட்டி வைத்ததையும் பொதியிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களுக்கு அது நஞ்சில்லை என்று தெரியும். ஆனால் அடியில் இருக்கிற சீழ் அதற்கு அடங்காது, நான் கண்ணால் பார்த்தேன். பல் டாக்டரிடம் போய் அவர் தரும் மருந்துச் சீட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள். அதுவரை உங்கள் கோல் எதையும் எடுக்க மாட்டேன், மாமியின் போனில் கூப்பிட்டாலும் வர மாட்டேன். எனக்கும் அது கஷ்டம்தான். உங்கள் குரல் கேட்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

நோவெடுத்ததைச் சந்தையில் விட்டுவர எனக்குத் தெரியாது. பூனையையும்தான், உங்களையும்தான்.

அல்லாஹ் உங்கள் வலியை நீக்கிவைக்கட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் அதைக் கேட்பது என் பொறுப்பு. வாயைத் திறந்து காட்டுவது உங்கள் பொறுப்பு.

வஸ்ஸலாம்.

உங்கள் சொல் கேளாத மனைவி,
நிஷ்மியா